சிறு பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் விடுமுறை: அக்டோபர் முன்பதிவிலிருந்து பள்ளி திறக்கும் காலை வரை

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் ஊருக்குப் போகும் பெற்றோர்களுக்காக, அதிலும் ஒன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளோடு எட்டு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டைக்குப் போய் வருகிறேன். எங்கள் சபையில் புதிதாகப் பெற்றோரானவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். புத்தாடையை முதலில் வாங்குகிறார்கள், பயணச்சீட்டைப் பிறகு தேடுகிறார்கள், எந்த ஆராதனைக்குப் போவது என்பதை 24ஆம் தேதி இரவு பத்து மணிக்குப் பேசத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் மூன்று தகவல்கள் கையில் இருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடியும் நாளும் பள்ளி திறக்கும் நாளும் முதலாவது. ஊர்க் கோயிலின் ஆராதனை நேரங்கள் இரண்டாவது. பிள்ளை இப்போது எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறது என்பது மூன்றாவது. மூன்றாவதைப் பெரும்பாலோர் எழுதி வைப்பதில்லை. ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததற்கும் குறிப்பில் இருப்பதற்கும் வேறுபாடு தெரியும்.

1. எந்த ஆராதனை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பண்டிகையின் கடிகாரம் பெரியவர்களுக்காக வைக்கப்பட்டது. கத்தோலிக்கக் கோயில்களில் 24ஆம் தேதி இரவு நள்ளிரவுத் திருப்பலி நடக்கும், தென்மாவட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் 25ஆம் தேதி விடியற்காலை நான்கு, நாலரை மணிக்கே ஆராதனை தொடங்கிவிடும். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கமும், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் தேவை. இந்த இரண்டு கணக்குகளும் இயல்பாக ஒத்துப்போகா. ஆகவே நடுவில் நாம்தான் ஒரு பாதை போட வேண்டும்.

முடிவு எடுக்கும்போது பெரிய பிள்ளையைப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே சிறிய பிள்ளையைப் பாருங்கள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை விடியற்காலை எழுந்து வரும், அதை ஒரு சாகசமாகவே நினைக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது வெறும் அரைகுறைத் தூக்கம். காலை எட்டு மணி வாக்கில் இரண்டாம் ஆராதனையோ பகல் திருப்பலியோ இருக்கிறதா என்று ஊரில் உள்ளவர்களிடம் நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால், பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஓர் அணி வீட்டில் தங்குவது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அன்று காலையில் பேசினால், வீட்டில் தங்குபவர் தியாகம் செய்தவராகவும் போனவர் குற்றவாளியாகவும் ஆகிவிடுகிறார்கள்.

என் இளைய பிள்ளைக்கு ஒரு வயது ஆகியிருந்தபோது, விடியற்காலை மூன்று மணிக்கு அவனைத் தூக்கப் போன என்னை என் மாமியார்தான் தடுத்தார். "தூங்குற பிள்ளைய எழுப்பாதம்மா. நான் வீட்டுல இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க, எனக்கு எட்டு மணி ஆராதனை போதும்" என்றார். அந்த யோசனை எனக்கு முதலில் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2. போகும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும்

ரயிலில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பழைய 120 நாள் கணக்கை இனி நம்ப வேண்டாம். பயண நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். டிசம்பர் 22ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 23ஆம் தேதியும், ஜனவரி 1ஆம் தேதி திரும்புவதற்கு நவம்பர் 2ஆம் தேதியும் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் போகும் சீட்டை இழக்கிறார்கள். போகும் சீட்டு கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பும் தேதியை மறந்தவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருகிறார்கள். கைபேசியில் இரண்டு தேதிகளுக்கும் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே அனுமதி என்ற விதி 2025 அக்டோபரில் தொடக்க நிமிடங்களுக்கு மட்டும் வந்தது, பிறகு அந்த நேரம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. எனவே அந்த வேலையைச் செப்டம்பரிலேயே முடித்து வையுங்கள்.

ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டியதில்லை, ஆனால் சீட்டு எடுக்காவிட்டால் தனிப் படுக்கையும் கிடையாது. ஐந்து முதல் பதினொரு வயது வரை, படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இலவசம்தானே என்று இரண்டு பெரியவர்களுக்கு இரண்டு படுக்கை மட்டும் எடுத்து, இரண்டு பிள்ளைகளையும் அவற்றில் சமாளிக்கப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. இரவு முழுவதும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே வர நேரும். அவர்தான் மறுநாள் வீட்டில் எரிந்து விழுபவர். சின்னப் பிள்ளைக்கும் முழுக் கட்டணம் கட்டி ஒரு படுக்கை எடுத்துவிடுவது, பண்டிகைக்காக நீங்கள் செய்யும் செலவுகளிலேயே நல்ல செலவு.

எத்தனாம் தேதி போவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: 23ஆம் தேதி காலைக்குள் ஊரில் இறங்கியிருக்க வேண்டும். 24ஆம் தேதி காலையில் இறங்கினால், ரயிலில் கெட்ட தூக்கமும் அடுத்த விடியலில் கெடப்போகும் தூக்கமும் அடுத்தடுத்து வந்துவிடும். பிள்ளைகள் ஓர் இரவைத் தாங்குவார்கள், இரண்டைத் தாங்க மாட்டார்கள்.

3. உடையை நவம்பரில் முடித்து, ஒருமுறை துவைத்து, ஒருமுறை உடுத்திப் பாருங்கள்

தையல் கடைகளில் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு துணி வாங்கிக்கொள்வார்கள், ஆனால் சொன்ன நாளில் தர மாட்டார்கள். நவம்பர் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள். வளரும் பிள்ளை என்பதால் இடுப்பிலும் கீழ் மடிப்பிலும் துணி விடச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கான நெட் பிராக்குகளில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. கடையின் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நெட் துணியின் ஓரமும், கழுத்துக்குப் பின்னால் தைத்த லேபிளும், கைக்குழியில் ஜரிகை முடியும் இடமும் தோலில் உரசும். என் மகளுக்கு மூன்றரை வயதில் அப்படி ஒன்றை வாங்கி, பிரித்தும் பார்க்காமல் 25ஆம் தேதி விடியற்காலையில் நேராகப் போட்டுவிட்டேன். முதல் பாட்டிலிருந்தே கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தவள், பிரசங்கம் தொடங்கி எல்லோரும் அமைதியான நேரத்தில், "நான் இதைக் கழற்றிட்டு உட்காரட்டா?" என்று கணீரென்று கேட்டாள். லேபிளை அடியோடு வெட்டுவது, உள்ளே மெல்லிய பருத்திச் சிம்மீஸ் போடுவது, ஒருமுறை துவைத்துக் கஞ்சியை நீக்குவது ஆகிய மூன்றையும் செய்தால் இந்தத் தொல்லை வராது. புதுக் காலணியையும் நான்கைந்து நாட்கள் வீட்டுக்குள் போட்டு நடக்க விடுங்கள்.

4. பலகார வேலையில் அடுப்பு வேறு, பிள்ளைகள் வேறு

பலகாரத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், ஆனால் எண்ணெய்ச் சட்டி இருக்கும் அறையில் சேர்க்கக் கூடாது. இது எளிய விதிதான் என்றாலும், ஆண்டுதோறும் யாராவது ஒருவர், ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டுமே என்று விட்டுவிடுகிறார்கள்.

அச்சு முறுக்கை எடுத்துக்கொள்வோம். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும்; பிறகு அதை மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். முழுதாக முக்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. சூடு குறைந்திருந்தால் மாவு அச்சில் ஒட்டவே ஒட்டாது. ஒரு கை மாவிலும் ஒரு கண் எண்ணெயிலும் இருக்கும் இந்த வேலையில், முந்தானையை இழுக்கும் ஒரு பிள்ளைக்கு இடமே இல்லை. எனவே பொரிக்கும் வேலையெல்லாம் பிள்ளைகள் தூங்கியபின், இரவு எட்டரைக்கு மேல்தான்.

பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை கலகலா. மைதா, சர்க்கரை, முட்டை, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவைப் பூரிக்குத் தேய்ப்பதைவிடச் சற்றுத் தடிமனாகத் தேய்த்து, ஒரு தட்டில் வைத்துக் கொடுங்கள். சோமாஸ் கரண்டியின் பல் சக்கரத்தை உருட்டி அவர்கள் கோடு போடுவார்கள். நேர்க்கோடு வராது, முக்கோணமும் நாற்கரமுமாக வரும். அளவு வெவ்வேறாக இருந்தால் சின்னது கருகிப் பெரியது வேகாமல் நிற்கும் என்பதால், இரவில் பொரிக்கும்போது சின்னதைத் தனியாகவும் பெரியதைத் தனியாகவும் போட வேண்டும். மறுநாள் காலையில், தான் வெட்டிய துண்டைத் தேடி எடுக்கும் பிள்ளைக்காக அந்தக் கூடுதல் வேலையைச் செய்யலாம்.

வரிசையைக் கெடாத நாட்களை வைத்து அமையுங்கள். முறுக்கும் கலகலாவும் காற்றுப் புகாத சம்படத்தில் இரண்டு வாரம் இருக்கும் என்பதால் அவை முதலில். அடுத்து அச்சு முறுக்கு. பயறும் தேங்காயும் வெல்லப் பாகும் சேரும் முந்திரிக்கொத்து 21, 22ஆம் தேதிகளில். அதிரசப் பாகு மாவை ஊரில் உள்ளவர்கள் சில நாட்கள் முன்பே கிளறி வைத்துவிடுவார்கள், நீங்கள் போனபின் தட்டிப் பொரித்துக்கொள்ளலாம். நீங்கள் 23ஆம் தேதிதான் போய்ச் சேருகிறீர்கள் என்றால், உங்கள் பங்குக்கு எது மீதி இருக்கிறது என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். கேட்காமல் போய், செய்து முடித்த பலகாரத்தையே இன்னொரு படி செய்வது அடிக்கடி நடக்கிறது.

பிளம் கேக்கில் ஒரு எச்சரிக்கை. உலர்பழங்களைச் சிலர் ரம்மில் ஊற வைப்பார்கள், சிலர் திராட்சைச் சாற்றில் ஊற வைப்பார்கள். பிள்ளைகளுக்கானதைச் சாற்றில் ஊற வைத்துத் தனியாகச் செய்து, டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். வெளியிலிருந்து வரும் கேக்கைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் முழு முந்திரியோ வேர்க்கடலையோ தரக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

5. குடிலும் விளக்கும்

இயேசு பிறந்த காட்சியை வீட்டில் அமைக்கும் குடிலுக்குப் புல் வளர்ப்பதை டிசம்பர் 14, 15ஆம் தேதிகளில் தொடங்குங்கள். பழைய தட்டுகளில் இரண்டு விரல் உயரம் மண் பரப்பி, ஓர் இரவு ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மிக மெல்லியதாக மண் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்றாம் நாள் வெள்ளை முளை தெரியும், பத்தாம் நாள் பச்சைப் புல்வெளியாக நிற்கும். முந்தித் தூவினால் 24ஆம் தேதிக்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். தண்ணீரை ஊற்ற விடாமல், கையால் தெளிக்க மட்டும் பிள்ளைகளைப் பழக்குங்கள். விதைகள் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படுவது அவர்கள் குவளையைக் கவிழ்ப்பதால்தான். ஊருக்குப் போகிறவர்கள் இந்தத் தட்டை ரயிலில் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆச்சியிடம் சொல்லி அங்கேயே தூவச் சொல்லிவிட்டு, தினமும் காணொளி அழைப்பில் பார்க்கலாம்.

வைக்கோல் பரப்பிய குடிலுக்குள் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள், பேட்டரி விளக்கு போதும். அந்தப் பேட்டரி நாணய வடிவச் சின்ன பட்டன் பேட்டரியாக இருந்தால், அதன் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் மோதிரம் என்று இந்தப் பேட்டரி இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறது. சீரியல் விளக்கின் பிளக்கைப் பிள்ளைக்கு எட்டாத பாயிண்டில் செருகி, படுக்கப் போகும்போது கழற்றிவிடுங்கள். காகித நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பு வேண்டாம். சூட்டில் காகிதம் கருகும், சூடேறாத எல்.இ.டி. பல்பு போடுங்கள்.

6. பயண இரவு

ரயில் எழும்பூரிலிருந்து புறப்படுகிறதா, தாம்பரத்திலிருந்தா என்று சீட்டில் மறுபடியும் பாருங்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஏழு மணிக்குச் சாப்பாடு கொடுத்து, இரவு உடையைப் போட்டே கூட்டிப் போங்கள். ரயிலில் ஏறியபின் சாப்பிட வைக்கலாம் என்றால், விளக்கும் கூட்டமும் விற்பனைக் குரல்களும் அவர்களைச் சாப்பிடவும் விடாது, தூங்கவும் விடாது.

பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி ஒரு பொட்டலம், கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு செட் மாற்றுடை, துண்டு, பால் மாவு, மருந்து ஆகியவை தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும், மற்றவை பெட்டியில். ஒரு நாள் தாமதத்தைத் தாங்கும் அளவுக்கு அந்தப் பை இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு வந்த ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்று, நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முடியும்வரை நம்மை விட்டுப் போவதில்லை.

கீழ்ப் படுக்கையில் பிள்ளை சுவர்ப் பக்கம், பெரியவர் நடைபாதைப் பக்கம்.

7. 24ஆம் தேதி பிற்பகலை வெறுமையாக வைத்திருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். 24ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் போவது, துணி தேய்ப்பது, பரிசுப் பொட்டலம் கட்டுவது, உறவினர் வீட்டை எட்டிப் பார்ப்பது ஆகிய எதுவும் இருக்கக் கூடாது. அவையெல்லாம் 23ஆம் தேதியே முடிந்திருக்க வேண்டும். காரணம், அந்தப் பிற்பகலில்தான் அடுத்த நாளுக்கான தூக்கத்தை நீங்கள் சேமிக்கிறீர்கள்.

விடியற்காலை ஆராதனைக்குப் போகிறவர்கள், பிள்ளையின் பகல் தூக்கத்தை இரண்டரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். நாலு மணிவரை தூங்கவிட்டால் இரவு பத்து மணிவரை கண்ணை மூடாது. மாலையில் முற்றத்தில் ஓட விட்டு, ஐந்தரைக்கு வெந்நீரில் குளிப்பாட்டி, ஆறு மணிக்குச் சாப்பாடு, ஏழு மணிக்குப் படுக்கை. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு: வழக்கமான பகல் தூக்கத்தை விட்டுவிடாமல், ஏழரைக்குச் சாப்பாடு கொடுத்து, எட்டு மணியிலிருந்து பத்தே முக்கால்வரை தூங்க வைத்து எழுப்புங்கள். விழித்தபடியே நள்ளிரவுவரை இழுத்துப் போகலாம் என்று நம்புகிறவர்களின் பிள்ளைகள், காணிக்கை நேரத்தில் தரையில் படுத்து அழுவதைப் பின் வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓராண்டு அதில் ஒன்று என்னுடையது.

தூங்கும் அறை தெருவை ஒட்டியதாக இருக்க வேண்டாம். கேரல் குழு டிரம்மோடும் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் இரவில் வாசலுக்கு வரும். வரும் நாளை முன்பே கேட்டு, பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பாடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்குக் கேரல் பார்க்க ஆசையிருந்தால், வேறொரு நாள் மாலையில் தெரு முனையில் நின்று காட்டுங்கள். முகமூடி போட்ட தாத்தாவைக் கண்டு அழும் பிள்ளையை அவர் கையில் திணித்துப் படம் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

பிள்ளைகள் தூங்கியதும், போடும் வரிசையிலேயே உடைகளை நாற்காலியில் அடுக்குங்கள். மேலே உள்ளாடை, அடியில் சிம்மீஸ், அதற்கும் அடியில் பிராக், எல்லாவற்றுக்கும் கீழே ஸ்வெட்டர். தரையில் காலுறையைச் செருகிய காலணி. மூன்று மணி இருட்டில் தேடும் ஒற்றைக் காலுறை ஒரு குடும்பத்தின் சமாதானத்தையே கெடுக்கும்.

8. விடியற்காலை

பெரியவர்கள் முழுவதும் தயாரான பிறகுதான் பிள்ளைகளை எழுப்ப வேண்டும். புறப்படுவதற்கு முப்பது நிமிடம் முன்பு போதும். முன்னதாக எழுப்பினால் உற்சாகம் தீர்ந்து, கோயில் வாசலில் தூக்கம் திரும்பி வரும். குளிப்பாட்டுவது மாலையிலேயே முடிந்துவிட்டதால் முகம் துடைத்தால் போதும். அரைத் தம்ளர் பாலும் ஒரு ரஸ்க்கும் கொடுங்கள். முழுத் தம்ளர் பாலைக் குடித்துவிட்டுக் குலுங்கும் ஆட்டோவில் ஏறிய பிள்ளை வாந்தி எடுக்கும். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை இரண்டாம் பாட்டிலேயே சிணுங்கும்.

பக்கவாட்டுக் கதவுக்கு அருகில் உட்காருங்கள். பிள்ளை அழுதால் யார் தூக்கிக்கொண்டு வெளியே போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில் அழுகை உச்சத்துக்குப் போய்விடும். சத்தம் போடாத பொருட்கள் இரண்டை, ஒரு படப் புத்தகமும் நான்கு வண்ணக் குச்சிகளும் போல, பையில் வைத்திருந்து இரண்டாம் அரை மணி நேரத்தில்தான் வெளியே எடுங்கள். காணிக்கைக் காசை முன்கூட்டியே கையில் கொடுக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து ரூபாய் நாணயம் நேராக வாய்க்குத்தான் போகும். காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும்போது கொடுத்தால் போதும்.

வீடு திரும்பியதும் காலைச் சாப்பாடு. பிறகு ஒன்பது முதல் பதினொன்று வரை பிள்ளைகளுக்குக் கட்டாயத் தூக்கம். பரிசுகளை அந்தத் தூக்கத்துக்குப் பின் திறக்கலாம், அதுவும் ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்த பிள்ளை, பத்து நிமிடத்தில் காலி அட்டைப்பெட்டியோடு விளையாடுவதை யாரும் தடுக்க முடியாது.

9. உறவினர் வீடுகள்

ஒரு நாளைக்கு இரண்டு வீடு, அதற்கு மேல் இல்லை. முதல் வீடு வயதானவர்களுடையது, ஏனென்றால் பிள்ளைகள் அப்போதுதான் தெளிவாக இருப்பார்கள். இரண்டாவது வீடு, ஓடி விளையாட வேறு பிள்ளைகள் இருக்கும் வீடு.

ஒவ்வொரு வீட்டிலும் தட்டு நிறையப் பலகாரம் வரும். மறுத்தால் மனம் நோகும். சாப்பிட்டால் வயிறு நோகும். "ஒன்று எடுத்துக்கொள், மீதியை ஆச்சிக்குக் கொண்டுபோகலாம்" என்று ஒரு சம்படத்தைக் கையோடு எடுத்துப் போகிறோம். கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி, பிள்ளையும் பொறுத்துக்கொள்ளும். முத்தம் கொடு, பாட்டுப் பாடு என்று கேட்கப்படும்போது பிள்ளை தயங்கினால், "ஸ்தோத்திரம் சொல்லுடா, போதும்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பலாம், கூட ஒருவர் நடக்க வேண்டும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் தட்டு அனுப்பிய வீடுகளின் பட்டியல் உங்கள் மாமியாரிடம் மனப்பாடமாக இருக்கும், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டுவரை பேச்சு இருக்கும்.

10. உடம்பு கெட்டால்

25ஆம் தேதி பெரும்பாலான கிளினிக்குகள் மூடியிருக்கும். எனவே அன்று திறந்திருக்கும் குழந்தை மருத்துவரையும் மருந்துக் கடையையும் 23ஆம் தேதியே விசாரித்து வையுங்கள். அவசரத்துக்கு 108. காய்ச்சல் மருந்தின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது என்பதால், புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடம் இப்போதைய எடைக்கான அளவை எழுதி வாங்கி, சீட்டைப் பாட்டிலிலேயே ஒட்டுங்கள்.

வயிற்றுப்போக்கில் நிகழும் பெரிய தவறு ஓ.ஆர்.எஸ். கலக்குவதில்தான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு தம்ளரில் பாதிப் பொட்டலம் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு மிகுந்து நிலைமை மோசமாகும். கலந்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள். வாந்தி இருந்தால் கரண்டி கரண்டியாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள். சிறுநீர் வெகுநேரம் போகாமை, கண் குழிதல், மலத்தில் இரத்தம், துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தென்மாவட்டங்களில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பட்டாசு உண்டு. தீப்பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, தோசை மாவு என்று யார் எதை நீட்டினாலும் வாங்காதீர்கள், அவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும்.

11. இருபத்தேழிலிருந்து பள்ளி திறக்கும்வரை

26ஆம் தேதி வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்காது, அன்றைக்கு ஒன்றும் திட்டமிட வேண்டாம். 27 முதல் 29 வரை காலையில் முக்கால் மணி நேரம் விடுமுறை வீட்டுப்பாடம். இதைச் சென்னைக்குத் திரும்பியபின் பார்க்கலாம் என்று தள்ளினால், ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு சார்ட் காகிதம் தேடி அலைவீர்கள். செய்முறைத் திட்டம் கொடுத்திருந்தால் ஊரிலேயே கிடைக்கும் பொருளில் முடித்துவிடுங்கள். பனை ஓலை, வயல் மண், வேப்பங்காய் எல்லாம் அங்கே இலவசம்.

31ஆம் தேதி இரவு ஆராதனைக்கு 24ஆம் தேதியின் அதே விதிகள் பொருந்தும். ஆனால் ஜனவரி 1 இரவு ரயில் ஏறுவதாக இருந்தால், சிறிய பிள்ளையை 31ஆம் தேதி வீட்டிலேயே தூங்க விடுவது நல்லது. அடுத்தடுத்து இரண்டு இரவுகள் வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.

திரும்பியதும் சீருடையும் காலணியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பத்து நாள் பலகாரத்தில் இடுப்புக் கொக்கி எட்டாமல் போனதுண்டு. படுக்கும் நேரத்தை ஒரே நாளில் பழைய நேரத்துக்கு இழுக்காமல், மூன்று நாட்களில் தினம் இருபது நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். சென்னை வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரத்தை இறக்கி, பல்பைத் தனியே கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி, சீரியல் விளக்குகளில் எரியாத சரத்துக்குச் சிவப்பு நூல் கட்டிப் பரணில் வையுங்கள். சம்படங்களை யார் வீட்டுடையது என்று பார்த்துப் பிரித்து வைத்தால், அடுத்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம்.